கைலாசத்தில் டைல்ஸ்

விக்னராஜா இத்தாலிக்குப் புறப்பட்டபோது அந்த நாட்டைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயமும் கிடையாது. மெல்பேர்னின் வடக்குப் புறநகர்களில் முப்பத்தொரு வருஷம் மழைநீர் வடிகால் கட்டிய பொறியியலாளர் அவர். எந்த ஊருக்குப் போனாலும் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்றுதான் முதலில் குனிந்து பார்ப்பார். வெனிஸில் இறங்கிய அன்று வெகு நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "இவங்களுக்கு ஆரும் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லையோ?" என்று மனைவி யோகாவிடம் கேட்டார்.

அவரை நிமிர்ந்து பார்க்க வைத்தது புளோரன்ஸ். ஒரு தேவாலயத்துக்குள் போனதும் முழங்கால் வலி என்று யோகா வாங்கில் உட்கார்ந்துவிட்டார். செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் விக்னராஜா வழிகாட்டிப் பெண் சொல்வதைக் கேட்டார். ஐந்நூறு அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊர்த் துணி வியாபாரிகள் தங்கள் கோவில் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார்களாம். அதுவரை சாமிகள் எல்லாம் அப்பளம் மாதிரித் தட்டையாக நின்றார்களாம். பெரிய சாமி பெரிதாக, சின்ன மனிதன் சின்னதாக. புதிதாக வந்தவர்கள்தான் கண் பார்க்கிறபடி, கிட்ட இருப்பதைப் பெரிதாகவும் தூர இருப்பதைச் சிறிதாகவும் அளந்து வரைந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்களின் முகங்களையே புனிதர்களுக்கு வைத்தார்கள். கொடையாளியின் முகத்தையும், கை கூப்பி முழங்காலில் நிற்கிறமாதிரி, ஒரு மூலையில் வரைந்துவிடுவார்கள்.

இந்தக் கடைசி வசனம் மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் விக்னராஜாவின் காதில் நின்றது.

திரும்பி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே கோவில் பரிபாலன சபையைக் கூட்டினார். கோவில் என்பது மெல்பேர்னின் வடக்கே, கிரெய்கிபர்னின் ஓரத்தில், ஒரு டயர்க் கடைக்கும் குசினி அலுமாரி செய்கிறவர்களுக்கும் நடுவே இருந்த பழைய டைல்ஸ் களஞ்சியம். விற்றவர் மிச்சம் கிடந்த கறுப்பு, வெள்ளைச் சதுர டைல்ஸ்களையும் சும்மா விட்டுவிட்டுப் போனதால் மண்டபத் தரை முழுக்க சதுரங்கப் பலகை மாதிரி இருந்தது. சனங்களுக்கு அது டைல்ஸ் பிள்ளையார். விக்னராஜா தலைவர். கேதீஸ்வரன் செயலாளர், ஒரு வீட்டில் கேட்டதை மூன்றாவது வீட்டில் சொல்லப் போகிற வழியில் இரண்டாவது வீட்டிலும் சொல்லிவிட்டுப் போகிறவர்.

"எங்களுக்கு ஒரு மறுமலர்ச்சி வேணும்" என்றார் விக்னராஜா.

"எங்க வைக்கிறது, அண்ணை?" என்றார் கேதீஸ்வரன்.

"மண்டபத்தின்ர வடக்குச் சுவரில."

ஒரு துணி வியாபாரிக்கு இயன்றது ஓய்வு பெற்ற பொறியியலாளருக்கு இயலாதா என்று அவர் முக்கால் மணி நேரம் பேசினார். சபைக்குப் பசி வந்துவிட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஓவியராக வாய்த்தவன் ஸ்ரீகாந்தன். முப்பத்தைந்து வயது. பதின்மூன்று வருஷத்துக்கு முன் படகில் வந்தவன். இன்னும் தற்காலிக விசா. புதிதாக முளைக்கும் வீட்டுத் தொகுதிகளில் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது தொழில். எல்லாமே வெள்ளை. ஆனால் கொம்பனியிடம் பதினொரு வகை வெள்ளை இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் எது எதுவென்று சொல்லுவான் என்று பேர். கிறிஸ்மஸ் தீவு அகதி முகாமில் நேரம் போக்கப் பென்சில் கொடுத்தபோது கீறத் தொடங்கியவன், நிறுத்தவில்லை. பேச்சு மட்டும் குறைவு.

விக்னராஜா புளோரன்ஸில் வாங்கிய தடித்த படப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்தார். "தம்பி, இதைப் பாரும். இந்த முறையில எங்கட மாம்பழக் கதையைக் கீற வேணும். அவங்கள் கண்ணால கண்டமாதிரிக் கீறினவங்கள். அதுதான் முக்கியம். விளங்குதோ?"

"ஓம் அங்கிள்" என்றான் ஸ்ரீகாந்தன்.

விக்னராஜா அந்தப் புத்தகத்தில் படங்களை மட்டும் பார்த்திருந்தார். ஸ்ரீகாந்தன் படங்களின் மேல் கோடு போட்டுப் பார்த்தான். எல்லாக் கோடும் ஓர் இடத்தில் போய் முட்டுவதைக் கண்டபோது இரண்டு இரவு அவனுக்குச் சரியான நித்திரை இல்லை. மூன்றாம் நாள் வடக்குச் சுவரில் ஓர் ஆணி அறைந்தான். நீலப் பொடி தடவிய நூலை அதில் கட்டி, நாலா பக்கமும் இழுத்து இழுத்துச் சுண்டினான். அதன் பிறகு துணியால் திரை கட்டிவிட்டான். சனி, ஞாயிறும் வேலை நாள் பின்னேரங்களுமாக மூன்று மாதம் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தான். உள்ளே போக அனுமதி இருந்தது யோகாவின் சாப்பாட்டுப் பெட்டிக்கு மட்டும். யோகா திரைக்கு வெளியே ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை கதை சொல்லுவார். பெரும்பாலும் பெர்த்துக்குப் போய்விட்ட சின்ன மகன் அனுஷனைப் பற்றி. தகப்பனோடு கோபித்துக்கொண்டு போன பிள்ளை, பிறந்தநாளுக்கு மட்டும் போன் எடுக்கிற பிள்ளை.

விநாயகர் சதுர்த்திக்கு ஒரு கிழமை இருக்கையில், முடிந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று ஸ்ரீகாந்தன் சொன்னான். விக்னராஜா புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு போனார். திரை விழுந்தது.

முதலில் அவர் கண்டது எலியை. ஒரு லாப்ரடோர் நாய் அளவு எலி. படத்தின் இடது மூலையில், மீசை முள் ஒவ்வொன்றும் எண்ணக்கூடியபடி, நேரே அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு அப்பால் மண்டபத்தின் அதே கறுப்பு வெள்ளை டைல்ஸ், சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போனது. தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போயின. நடுவில் சிவனும் உமையும். பக்கத்தில் மாம்பழத்தோடு நாரதர். பின்னால் பனிமலை. வானத்தில் கொசு அளவில் ஒரு புள்ளி.

விக்னராஜா இடமிருந்து வலம் பார்த்தார். பிறகு வலமிருந்து இடம் பார்த்தார்.

"தம்பி, பிள்ளையார் எங்க?"

"வாறார் அங்கிள்."

"எங்கயிருந்து?"

"தாய் தகப்பனைச் சுத்திறார்தானே. இப்ப சிவனுக்குப் பின்னால நிக்கிறார். அந்தா, தும்பிக்கை தெரியுது. இஞ்சால கொஞ்சம் வண்டி தெரியுது."

உண்மைதான். சிவனின் வலது தோளுக்கு மேல் ஒரு தும்பிக்கை நுனி. இடுப்புக்குப் பக்கத்தில் அரைவட்ட வயிறு.

"பிள்ளையார் கோவில் படத்தில பிள்ளையாரைக் காணேல்ல. சரி. இந்த எலிக்கு என்ன நடந்தது?"

"எலிக்கு ஒண்டும் நடக்கேல்ல. கிட்ட நிக்குது. கிட்ட நிக்கிறது பெரிசாத்தான் தெரியும். அவர் நடந்து சுத்திறபடியால் எலிக்கு அண்டைக்கு லீவு."

"அந்த நுளம்பு?"

"அது நுளம்பு இல்ல, முருகன். மயிலில உலகத்தைச் சுத்தப் போட்டார்." ஸ்ரீகாந்தன் கையிலிருந்த துணியால் விரல்களைத் துடைத்தான். "போறவன் சின்னனாத்தான் தெரிவான் அங்கிள். கரையில நிண்டு பாக்கிறவைக்கு அப்பிடித்தான்."

விக்னராஜா வீட்டுக்குப் போய், அளவுநாடாவையும் நூலையும் தன் பழைய லேசர்க் கருவியையும் எடுத்துக்கொண்டு வந்தார். பிழை பிடித்துவிட்டால் மாற்றச் சொல்ல வசதியாக இருக்கும். இரண்டு மணி நேரம் ஏணியில் ஏறினார், இறங்கினார், டைல்ஸில் தவழ்ந்தார். ஒவ்வொரு கோடும் மயிலின் வாலுக்கே போய்ச் சேர்ந்தது. அரை அங்குலம்கூடப் பிசகவில்லை. மாநகரசபைக்கு வேலை செய்த காலத்தில் இப்படி ஒரு ஆள் தன்னிடம் இருந்ததில்லை என்று அவர் மனம் அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

"அளவெல்லாம் சரி" என்றார், மிகுந்த வருத்தத்தோடு. "சாமியள்தான் பிழை."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "அங்க ஒரு வழக்கம் இருந்தது. மூலையில, முழங்காலில, ஆரும் ஒராள்..."

"அந்த மூலையில எலி நிக்குது அங்கிள்."

"ஓமோம். சும்மா கேட்டனான்."

ஸ்ரீகாந்தன் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், சுவரிலிருந்து பதினெட்டு அடி தள்ளி, தரையில் மஞ்சள் ஒட்டுநாடாவால் போட்ட இரண்டு பாத அடையாளங்களில் நிற்க வைத்தான். "இப்ப பாருங்கோ."

சுவர் இல்லாமல் போயிற்று. மண்டபம் அப்படியே நீண்டு கைலாசத்துக்குள் போனது. எட்டி நடந்தால் பனிக்காற்று முகத்தில் அடிக்கும் போலிருந்தது.

"உங்கட கண் உயரம் ஐஞ்சடி ஒரு அங்குலம். அதை வைச்சுத்தான் முழுப் படமும் கீறினது. உயரமான ஆக்கள் கொஞ்சம் முழங்காலை மடிச்சுத்தான் பாக்க வேணும்."

மெல்பேர்னின் உயரமான தமிழர்கள் எல்லாரும் தன் உயரத்துக்கு வளைந்து கைலாசத்தைப் பார்க்கும் காட்சி விக்னராஜாவின் மனதில் வந்து நின்றது. அந்தச் சந்தோஷம் கார் நிறுத்துமிடம்வரை தாங்கியது. கார்க் கதவைத் திறக்கும்போது கேதீஸ்வரனின் முகம் ஞாபகம் வந்தது. நகரத்தின் தெற்கு முனையில் இருக்கிற கிரான்பர்ன்வரை இந்தக் கதை போய்ச் சேர எத்தனை நிமிஷம் எடுக்கும் என்று நினைத்தார். திரும்பி உள்ளே வந்தார்.

"தம்பி, குறை நினையாதையும். நல்ல வேலை. ஆனா எங்கட சனத்துக்கு இது கூடிப்போச்சு. வெள்ளை அடிச்சுவிடுவமோ?"

ஸ்ரீகாந்தன் சுவரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அரை நாள் வேலை" என்றான். "எந்த வெள்ளை?"

இந்த இடத்தில்தான் யோகா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தார். படத்தை முதல் தரம் பார்க்கிறார். எலியைப் பார்த்துச் சிரித்தார். பிறகு உமையிடம் போய் நின்றார். உமை சிவனைப் பார்க்கவில்லை, மாம்பழத்தையும் பார்க்கவில்லை. ஒரு கையால் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கதிரையிலிருந்து பாதி எழும்பி, வானத்துப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த மனுசிக்கு முழங்கால் வருத்தம்" என்றார் யோகா.

யோகா பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இஞ்சாருங்கோ. இதில ஒரு சொட்டு வெள்ளை பட்டாலும், நான் இனிக் குசினிக்குள்ள காலடி வைக்கமாட்டன்."

விக்னராஜாவுக்குத் தேத்தண்ணி மட்டும்தான் போடத் தெரியும். அதுவும் பால் இல்லாமல். திரை மறுபடி ஏறியது.

சதுர்த்தி அன்று மண்டபம் நிறைந்திருந்தது. வசந்தகாலத்துக் குளிரில் ஆட்கள் பட்டு வேட்டிக்கு மேல் பஞ்சு யாக்கெற் போட்டிருந்தார்கள். பூசை முடிந்து, அன்னதானத்துக்கு முன்னால் திரையை விழுத்துவதாக ஏற்பாடு. விக்னராஜா பேச எழுதி வைத்திருந்த ஆறு பக்கத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, "ஒரு சின்ன முயற்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்கினார்.

திரை விழுந்ததும் சாம்பார் வாளியை வைக்கும் சத்தம்கூடக் கேட்டது.

பிறகு ஒரு மூன்று வயதுப் பெண் குழந்தை, கையில் பாதி கடித்த மோதகத்தோடு ஓடிப்போய், "மௌஸ்!" என்று கத்தி, மோதகத்தை எலியின் வாயில் அப்பியது. மோதகம் சுவரில் ஒட்டிக்கொண்டது. பின்னாலேயே இன்னும் ஐந்தாறு பிள்ளைகள் மோதகங்களோடு வரிசையில் நின்றார்கள்.

கேதீஸ்வரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். இந்த நாளுக்காகவே பிறந்தவர் மாதிரி இருந்தது அவர் நடை.

"அண்ணை, இது எலிக் கோவிலோ? பிள்ளையார் எங்க? முருகனை நுளம்பாக்கி வச்சிருக்கிறியள். சபையைக் கேட்டனீங்களோ? அதை விடுங்கோ." அவர் விரலை நீட்டினார். "கைலாசத்தில ஆர் டைல்ஸ் போட்டது? எந்தப் புராணத்தில டைல்ஸ் இருக்கு? கொஞ்சம் சொல்லுங்கோ பாப்பம்!"

கேட்டபடியே அந்த டைல்ஸைக் காட்ட நடந்தார். கறுப்புச் சதுரம், வெள்ளைச் சதுரம், கறுப்புச் சதுரம். அடுத்த வெள்ளைச் சதுரத்தில் காலை வைத்தபோது அது கைலாசத்தில் இருந்தது. நெற்றி சுவரில் மோதிய சத்தம் அன்னதானப் பகுதிவரை கேட்டது.

கேதீஸ்வரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தார். நாலு அங்குல தூரத்தில் நாரதர் நின்றார். மாம்பழத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, சிவனின் காதுப்பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்லப் புறப்பட்ட அதே வாய். அதே வழுக்கை தொடங்கிய நெற்றி. அதே மூக்கு. சபைக் கூட்டங்களில் விக்னராஜாவின் காதுப்பக்கம் கேதீஸ்வரன் சாயும் அதே சாய்வு.

கூட்டத்துக்கு இரண்டு முகமும் ஒரே நேரத்தில் தெரிந்தது. முதலில் ஒரு அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். அதற்குப் பிறகு யாராலும் பொத்த முடியவில்லை. குருக்களுக்கு உதவிக்கு நின்றவர் சங்கைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

கேதீஸ்வரன் திரும்பவில்லை. வெகு நேரம் நாரதரையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ர மூக்கு இவ்வளவு நீளமோ?" என்றார் கடைசியில், மெதுவாக.

"கிட்ட நிண்டு பாக்கிறியள் அண்ணை" என்றான் ஸ்ரீகாந்தன்.

சிரிப்பு அடங்கியதும் வேறு விதமான முணுமுணுப்பு தொடங்கியது. சிலருக்குப் பிள்ளையார் மறைந்து நிற்பது மனதுக்குப் பிடிக்கவில்லை. அபசகுனம் என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. எல்லாரும் குருக்களைப் பார்த்தார்கள். கோபாலகிருஷ்ணக் குருக்கள் ஆறடி இரண்டு அங்குலம். மூலஸ்தானப் படியிலிருந்து இறங்கி வந்தவரை விக்னராஜா மஞ்சள் பாதங்களில் நிற்க வைத்து, "கொஞ்சம் மடிய வேணும் ஐயா" என்றார். குருக்கள் முழங்காலை மடித்து, கைகளைத் தொடையில் ஊன்றி, பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூலஸ்தானத்தில அவர் முழுசா இருக்கிறார்" என்றார் குருக்கள். "இங்க சுத்திக்கொண்டிருக்கிறார். சுத்தி முடிய வருவார். அதுக்கிடையில நாங்கள் ஏன் அவசரப்படுவான்? சாப்பாடு ஆறுது."

அதோடு பிரச்சினை முடிந்தது என்று சொல்ல முடியாது. அடுத்த சபைக் கூட்டத்தில், எதிர்காலத்தில் எந்த மறுமலர்ச்சியும் எழுத்து மூல முன்னறிவித்தல் கொடுத்த பின்பே நடத்தப்பட வேண்டும் என்று தீர்மானம் எடுத்தார்கள். எலியின் வாயில் எண்ணெய் பிடித்துப்போய், ஸ்ரீகாந்தன் மாதம் ஒரு தரம் வந்து திருத்த வேண்டியதாயிற்று. மஞ்சள் பாதங்கள் அன்னதான வரிசையின் நட்டநடுவில் இருந்ததால், ஒவ்வொரு ஞாயிறும் யாரோ ஒருவர் கைலாசத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, பின்னால் அறுபது பேர் தட்டோடு நின்றார்கள்.

ஆனால் சனங்கள் வந்தார்கள். கிரான்பர்னிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். வந்தவர்களுக்குச் சுவரை விளக்கியவர் கேதீஸ்வரன். நாரதருக்குத் தான் எட்டு நாள் அசையாமல் நின்று கொடுத்ததாகவும், இடுப்பு பிடித்துக்கொண்டதாகவும் சொன்னார். ஸ்ரீகாந்தன் மறுக்கவில்லை.

யோகா படத்தைப் போனில் எடுத்துப் பெர்த்துக்கு அனுப்பினார். இரண்டு நாளைக்குப் பிறகு அனுஷனிடமிருந்து பதில் வந்தது: "நைஸ் மௌஸ்." யோகா அதை விக்னராஜாவிடம் மூன்று தரம் காட்டினார். பிறந்தநாள் இல்லாத நாளில் வந்த முதல் செய்தி அது.

தை மாதத்தில் சிட்னி செவன் ஹில்ஸிலிருந்து ஒரு முருகன் கோவில்காரர்கள் ஸ்ரீகாந்தனுக்குப் போன் எடுத்தார்கள். அவர்களுக்கும் ஒரு சுவர் இருந்தது, சூரசங்காரம் வேண்டுமாம், ஆனால் எல்லாரும் முழுசாகத் தெரிய வேண்டுமாம். விக்னராஜா போனை வாங்கி, அது கண்ணுக்கு நியாயம் இல்லை என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். ஸ்ரீகாந்தன் கொம்பனியிடம் இரண்டு கிழமை லீவு கேட்டான். காரில் கொண்டுபோய் விடுவதாக விக்னராஜா முன்வந்தார். ஆலோசகர் ஒருவர் அவசியம் என்பது அவர் எண்ணம். இவர்கள் இரண்டு பேரும் வழியில் பட்டினி கிடப்பார்கள் என்று யோகாவும் இடியப்பப் பெட்டியோடு ஏறிக்கொண்டார்.

பாதி வழியில், கண்டாகாய் என்ற ஊரைத் தாண்டி, ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினார்கள். யோகா காரின் பின்மூடியைத் திறந்து தட்டுகளை அடுக்கினார். வேலிக்கு அப்பால் காய்ந்த புல்வெளி, அடிவானம்வரை. அங்கே இங்கே மாடுகள். ஸ்ரீகாந்தன் வேலியோரம் போய், ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி அளந்துகொண்டு நின்றான். விக்னராஜா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தார். தெருவோர மழைநீர்க் கானைக் குனிந்து பார்க்கத் தொடங்கியவர், நிமிர்ந்து அவனுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவரும் ஒரு கண்ணை மூடிக் கட்டைவிரலை நீட்டினார்.

"தம்பி, அந்தக் கடைசி மாடு என்ர நகத்துக்குள்ள நிக்குது."

"ஓம் அங்கிள். அதுக்குப் பின்னால இன்னொண்டு நிக்குது. வால் மட்டும் தெரியுது."

"எங்க?"

"இன்னும் கொஞ்சம் மடியுங்கோ."

"ரெண்டு பேரும் ஆருக்குக் கை காட்டுறியள்?" என்று யோகா காரடியிலிருந்து கத்தினார். "சொதி ஆறுது, வாங்கோ!"

விக்னராஜா மடிந்தபடியே நின்றார். "கொஞ்சம் பொறும் யோகா" என்றார். "மாடு திரும்புது."